வலப்பக்கத்துப் பூ

வெயி என்று ஓர் ஊர் இருந்தது. இத்தாலியில், ரோமுக்கு வடக்கே. ரோமிலிருந்து அந்த ஊருக்கு எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அதே தூரம்தான் சென்னை சென்ட்ரலிலிருந்து எங்கள் ஊருக்கு. ஒரு காலத்தில் ரோமைவிட வசதியான ஊராம். ஆனால் பக்கத்தில் ஒரு பெரிய ஊர் வளர ஆரம்பித்துவிட்டால் இன்னொரு ஊருக்கு என்ன கதி என்பது தெரிய வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் பிறந்திருந்தால் போதும்.

நான் இரண்டையும் செய்தேன். அங்கே பிறந்தேன், வரலாறும் படித்தேன். படித்து முடித்துப் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த டுடோரியலில், தபால்வழியில் பி.ஏ. படிக்கிறவர்களுக்குப் பாடம் எடுத்தேன். எண்பதுகளின் நடுவில் ஆரம்பித்தது, தொண்ணூறுகள் முழுக்க அதுதான் என் பிழைப்பு. ரோமின் எழுச்சி என்கிற பாடத்தில் வெயிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகள், இது பரீட்சைக்கு வருமா மேடம் என்று கேட்பார்கள். வராது என்பேன். உடனே பேனாவை மூடிவிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஓர் ஊரையே அரைப் பக்கத்தில் மூடிவிட்டார்கள், நீங்கள் பேனாவையாவது கொஞ்சம் திறந்து வையுங்களேன் என்று கத்துவேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

கதை இதுதான். வெயி மலைமேல் இருந்த ஊர். சுற்றிலும் செங்குத்துப் பாறை. ரோமானியர்கள் பத்து வருஷம் முற்றுகை போட்டு உட்கார்ந்தும் உள்ளே கால் வைக்க முடியவில்லை. அப்போது மழையே இல்லாமல் ஓர் ஏரி பொங்கியது. அந்த ஏரியை வடித்தால் ஊர் விழும் என்று வெயி ஊர்க் குறிசொல்லி ஒருவர் வாயை விட்டுவிட்டார். ரோமானியர்கள் ஏரியை வடித்தார்கள். பிறகு பாறைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். சுரங்கம் போய் முடிந்த இடம் ஜூனோ என்கிற அம்மனின் கோயில். அது வழியாக உள்ளே புகுந்து ஊரை வெட்டிப்போட்டார்கள், மிச்சமிருந்தவர்களை அடிமையாக விற்றார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. ஜூனோவின் சிலையை ரோமுக்கு எடுத்துப் போக வேண்டும். அதற்கென்று சில வீரர்கள் குளித்து, வெள்ளை உடுத்தி, பயபக்தியோடு கோயிலுக்குள் போனார்கள். அந்தச் சிலையை ஒரே ஒரு குடும்பத்துப் பூசாரியைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது வெயியின் வழக்கம். அதனால் கை வைக்கத் தயங்கினார்கள். அவர்களில் ஒருவன், பக்தியிலோ கிண்டலிலோ, அம்மா ரோமுக்கு வர உனக்குச் சம்மதமா என்று கேட்டான். அம்மன் தலையாட்டிவிட்டாள் என்று மற்றவர்கள் கூவினார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிலை கனக்கவே இல்லையாம். தானாகக் கூட வருகிற மாதிரி அவ்வளவு லேசாக இருந்ததாம்.

யார் சொன்னது? ரோமானியர்கள் சொன்னது. ஜெயித்தவன் எதை வேண்டுமானாலும் சொல்வான். இல்லையென்று சொல்ல வெயியில்தான் யாருமே மிச்சமில்லையே. அப்படித்தான் நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் எல்லையம்மனை எடுக்கிறவரைக்கும்.

எங்கள் ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் தெரியாது, இப்போது அந்தப் பெயரில் ஒரு பஸ் நிறுத்தம்கூட இல்லை. ஒரு தெரு, இரண்டு சந்து, ஒரு ஏரி, ஏரிக்கரை முடிகிற இடத்தில் எல்லையம்மன். வயலெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே தொழிற்பேட்டைக்குப் போயாகிவிட்டது. எங்கள் வயல் இருந்த இடத்தில் நின்ற கம்பெனியில்தான் என் அண்ணன் லேத் ஓட்டினான். அதைப் பெருமையாகச் சொல்லவும் சொல்வான். ஏரியை வடிக்க எங்களுக்குக் குறிசொல்லி யாரும் தேவைப்படவில்லை. லாரிகள் வந்து மண்ணைக் கொட்டின, கட்டிடம் இடித்த குப்பையைக் கொட்டின, கம்பெனிச் சாம்பலைக் கொட்டின. எனக்கு விவரம் தெரிந்தபோது மழைக்காலத்தில் மட்டும் ஏரி, மற்றபடி கிரிக்கெட் மைதானம்.

கோயிலுக்குப் பூசாரி நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மனை எங்கள் வீட்டு ஆண்கள் மட்டும்தான் தொடலாம். குளிப்பாட்டுவது, புடவை கட்டுவது, பூ வைப்பது எல்லாம் அவர் கைதான். விடியற்காலையில் அதை முடித்துவிட்டு வந்துதான் பல்லில் காப்பி படும். வீட்டில் மூன்று வார்த்தை பேசினால் அதிகம். கோயிலுக்குள் போய்விட்டால் மட்டும் ஓயாமல் பேசுவார். நேற்று மழையில் ஒழுகிடுச்சா, புடவை குத்துதா, யாரு சண்டை போட்டுகினாங்க தெரியுமா என்று அம்மனிடம் ஊர்க்கதை ஓடும். அம்மா வெளியில் நின்று அதைக் கேட்டுவிட்டு, என்கிட்ட இதுல ஒரு பங்கு பேசியிருந்தா நான் ராணி என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை.

எண்பதுகளின் பிற்பாதியில் புதுச் சாலை வருகிறது என்றார்கள். அளந்தார்கள். கல் நட்டார்கள். கோயில் சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஒரு எண் எழுதிவிட்டுப் போனார்கள். சாலை சரியாக அம்மன் தலைமேல் போனது, பிறகு எங்கள் தெருவில் பாதியை வாரிக்கொண்டு போனது. தெருக்காரர்களுக்குப் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு புது மனைப்பிரிவில் இடம். அம்மனுக்கும் அங்கேயே ஒரு மூலை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. அண்ணன் வயசுக்காரர்களுக்குப் போகலாம் என்று. புது வீடு, சிமெண்டுத் தளம், தண்ணிக்குழாய் என்று கனவு கண்டார்கள். குறை சொல்லக்கூடாது, எங்கள் தெருவில் மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். பெரியவர்களுக்குப் போக மனமில்லை. கடைசியில் எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அம்மன் போனால் ஊர் போகும், அம்மன் நின்றால் ஊர் நிற்கும். அவ்வளவுதான் கணக்கு. அம்மனிடம் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்.

நிலம் எடுக்கிற ஆபீசர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, பாயில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, சாலை எப்படியும் வரும் பெரியவரே, நீங்களே முன்னால் நின்று அம்மனை எடுத்துக் கொடுத்தால் மரியாதையாக முடியும் என்றார்.

நைனா, "அவள கேக்காம நா எடுத்து குடுக்க மாட்டேன் சார்" என்றார்.

கேளுங்களேன், நல்லதுதானே, நானும் வந்து பார்க்கிறேன் என்று ஆபீசர் உற்சாகமாகிவிட்டார். ஆவணி முதல் வெள்ளி என்று நாள் குறித்தாயிற்று.

கேட்பது என்றால் பூ கேட்பது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை அம்மனிடம் அப்படித்தான் உத்தரவு வாங்குவார்கள். பூசாரி ஈரத்துணியோடு நின்று, தண்ணீரில் நனைத்த இரண்டு நந்தியாவட்டைப் பூவை அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டவைப்பார். கேட்க வேண்டியதைக் கேட்பார். அப்புறம் காத்திருக்க வேண்டும். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் சரி என்று அர்த்தம். இடத்தோள் பூ விழுந்தால் வேண்டாம். காற்று படக்கூடாது. கதவு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், பூசாரி வாயில் துணி கட்டிக்கொள்வார், குழந்தையை வைத்திருக்கிறவள் வெளியே போய்விடுவாள். அரை மணிகூட ஆகும். அந்த நேரத்தில் ஊரே இருமலை அடக்கிக்கொண்டு நிற்கும்.

படித்தவள்தான் நான். ஈரம் காய்ந்தால் பூ விழும், எந்தப் பக்கம் முதலில் காய்கிறதோ அந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த ஆவணி வெள்ளிக்காக நான் வேண்டிக்கொண்டேன். சாப்பிடும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, கரும்பலகையில் எழுதும்போது, மாட்டேன்னு சொல்லிடு தாயே என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நைனா அந்த வாசலை விட்டு நகர மாட்டார். அவர் நகராவிட்டால் ஊரும் நகராது. அதற்கு மேல் நடப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் நைனா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டார். அதே சாலைக்காகப் பக்கத்து ஊரில் ஒரு கோயிலை எடுக்கிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்தார். கை கால் கழுவினார். தட்டில் சோறு வைத்த அம்மாவிடம், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். என்ன பார்த்தாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பேசாத மனிதர் பேசாமல் இருந்தால் யாருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? நாங்கள் விட்டுவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல புழுக்கம். கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஆபீசர் வருகிறார் என்பதற்காக அண்ணன் கூட்டாளிகள் பந்தல்காரரிடமே ஒரு ஸ்டாண்டு ஃபேனையும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பூ கேட்க ஆரம்பிக்கும் முன்பு ஃபேனை நிறுத்திவிட்டார்கள். அது சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. ஆனால் ஆபீசர் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கருவறைக் கதவைத் திறந்து வைத்தார்கள். வாசலுக்கு நேரே அவருக்கு நாற்காலி. நான் பெண்கள் பக்கம், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அம்மன் முகம் மட்டும் தெரிந்தது. பூ தெரியவில்லை, நைனாவின் முதுகு மறைத்தது.

அவர் கேட்டது எல்லோருக்கும் காதில் விழுந்தது. ரோடு வருது, எடத்த கேக்கறாங்க, வேற எடம் தராங்க, உனக்கு சம்மதமா, உன் வாயால சொல்லு என்றார். மற்ற நாளில் அம்மனிடம் பேசுகிற அதே குரல்தான்.

காத்திருந்தோம். வேர்த்து ஊற்றியது. ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், பிறகு அதையே விசிறிக்கொள்ளப் போய், சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. திடீரென்று நைனா திரும்பினார். வாயில் கட்டியிருந்த துணியோடு கருவறையை விட்டு வெளியே வந்தார். பூ வைத்துவிட்டு நடுவில் அவர் இப்படி வந்து நான் பார்த்ததில்லை, யாருமே பார்த்ததில்லை. நேரே ஃபேனிடம் போனார். அதைத் தூக்கி, ஆபீசர் பக்கம் திருப்பி வைத்து, சுவிட்சைப் போட்டார். துணியைக் கீழே இறக்கிவிட்டு, "சாருக்கு வேர்க்குது" என்றார்.

ஆபீசர் சட்டை படபடத்தது. காற்று அவரைத் தாண்டிச் சாய்வாகக் கருவறைக்குள், அம்மனின் வலப்பக்கமாகப் போய் அடித்தது. விளக்கு ஆடியது. யாரோ ஒரு அம்மாள், ஐயோ ஃபேனு என்று முனகினாள். அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்தான், அப்படியே நின்றுவிட்டான். போட்டது பூசாரி, அணைக்க யாருக்கு உரிமை?

நைனா உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அம்மனின் வலத்தோள் பூ விழுந்தது. அதை எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டி, "உத்தரவு ஆயிடுச்சி" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது எங்கள் ஊர். ஆபீசர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. அண்ணன் கூட்டாளிகள் சந்தோஷமாகப் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். சில பெரியவர்கள் இது காத்துல வுழுந்த பூவு என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஆனால் நைனாவிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எனக்கு வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தேன். ஊரையே எடுக்க வந்தவனுக்கு மோர் கொடுத்தீர்கள், சரி, பாய் போட்டீர்கள், சரி, அவன் கொஞ்சம் வேர்த்தால் என்ன, செத்தா போய்விடுவான்? நாமெல்லாம் வேர்த்துத்தானே நின்றோம்? நம்ம ஜனங்களுக்கு இந்தப் புத்திதான், வெட்ட வருகிறவனுக்கும் முதலில் காற்று வீசுவோம், கை வலிக்குதா சாமி என்று கேட்போம். இப்படி என்னென்னவோ. அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். நைனா ஈரவேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

தை பிறந்ததும் அம்மனை எடுத்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பும்போது வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்று நைனா சொல்லிவிட்டதால், அவரும் அண்ணனும் சித்தப்பாவும் மட்டும்தான். ஜூனோ லேசாக இருந்தாளாம். எங்கள் அம்மன் அப்படி இல்லை. மூன்று பேர் தூக்க முடியாமல் தூக்கி, அண்ணனுக்கு விரல் நசுங்கி, டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி உட்காரவைத்தார்கள். பூந்தமல்லி ரோடு முழுக்கக் குண்டும் குழியும். நைனா பெட்டியில் ஏறி, அம்மன் தலை கம்பியில் இடிக்காமல் கையை அணைத்துக் கொடுத்துக்கொண்டு கடைசிவரைக்கும் அப்படியே போனார்.

டுடோரியலில் என்னோடு வேலை பார்த்தவள் ஆவடிக் கத்தோலிக்கப் பெண். இங்கிலீஷ் எடுப்பாள், எனக்கு நல்ல சிநேகிதி. அவளிடம் மட்டும்தான் வெயி கதையையும் எங்கள் கதையையும் சேர்த்துச் சொன்னேன். உங்க நைனா பாவம்டி என்றாள். பாவம் என்ன பாவம், மரியாதை மரியாதையென்று மரியாதையிலேயே ஊரைத் தொலைத்த ஆள் என்றேன். அவள், எங்க பழைய கோயிலை இடிச்சப்போ மாதா சொரூபத்தை ஒரு ஷெட்டுல கொண்டுபோய் வச்சாங்க, மாதாகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை, உங்க வீட்டுல கேக்கவாவது செஞ்சாங்களே என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கேட்கிற மாதிரி கேட்டு ஏமாற்றுவதற்குப் பதில் கேட்காமலே எடுக்கலாம் என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

புது இடத்துக்கு ஊர் முழுசாக வரவில்லை. மனையை விற்றுவிட்டுச் சிலர் சேக்காடு, சிலர் ஐயப்பன்தாங்கல், சிலர் எங்கே என்றே தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் விலாசம் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். எங்களைச் சுற்றி வேறு வேறு ஊர்க்காரர்கள் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். நல்லவர்கள்தான். அம்மனுக்கு வழவழ டைல்ஸ் போட்டார்கள், கிரில் கேட் போட்டார்கள், சீரியல் பல்பு போட்டார்கள். எந்த எல்லையைக் காக்கிற அம்மன் என்று அவர்களுக்குத் தெரியாது, எல்லையம்மன் என்பது அவர்களுக்கு ஒரு பேர், அவ்வளவுதான். அம்மா அந்த வீட்டில் இரண்டு மழைக்காலம் பார்த்தாள். சாக்கடை உள்ளே வராத வீடு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள், பிறகு போய்ச் சேர்ந்தாள்.

நைனா பூசையை விடவில்லை. குளிப்பாட்டினார், புடவை கட்டினார். ஆனால் அம்மனிடம் பேசுவது நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்கவே கொஞ்ச காலம் ஆயிற்று. வெளியில் நின்று கேட்டால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்தான் வரும். வயசாகிவிட்டது, அம்மா வேறு இல்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மனைப்பிரிவுக்காரர்கள் கோயிலில் நவக்கிரகம் வைக்க ஆசைப்பட்டார்கள். அதற்கு அம்மனைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அவர்களும் முறை தெரிந்தவர்கள்தான், பூ போட்டுக் கேளுங்கள் ஐயா என்றார்கள். நைனா மாட்டேன் என்றார். ஏன் என்றார்கள். மாட்டேன் என்றால் மாட்டேன்தான். கெஞ்சிப் பார்த்தார்கள், முறைத்துப் பார்த்தார்கள், கடைசியில் வேறு ஊரிலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்துவிட்டார்கள். வழிவழியாக எங்கள் வீட்டில் இருந்த உரிமை ஒரு கமிட்டி கூட்டத்தில் போய்விட்டது. அண்ணன் சண்டைக்குப் போகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினான். நைனாதான் உட்காருடா என்று அடக்கினார்.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் கோயிலுக்கு வெளியே, கிரில் கேட்டுக்கு இந்தப் பக்கம், சிமெண்டுப் பெஞ்சில் வந்து உட்காருவார். உள்ளே போக மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளே புதுப் பூசாரி விளக்குத் திரியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். நவக்கிரகத்துக்குச் செங்கல் வந்து இறங்கியிருந்தது. ஊரை இழந்ததற்கும் உரிமை போனதற்கும் சேர்த்து நான் அன்றைக்கும் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல், "நீ ஒரு கத சொல்வியே. ரோமாபுரி கத. அந்த சாமி தலைய ஆட்டிச்சின்னு" என்றார்.

எனக்கு ஆச்சரியம். வீட்டில் நான் அதைச் சொல்லிப் புலம்பும்போது அவர் காதில் வாங்கியிருப்பார் என்றே நான் நினைக்கவில்லை. ஆமாம் என்றேன்.

"அந்த சாமிய ஒரே ஊட்டுக்காரங்கதான் தொடணும்னியே. அப்ப அந்த பூசாரி எங்க போனான்?"

"அவனப் பத்தி ஒண்ணும் எழுதல நைனா."

"எங்கியும் போயிருக்க மாட்டான். அங்கதான் நின்னுகினு இருந்திருப்பான்" என்றார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன்தான் ஆட்டி வுட்டிருப்பான்" என்றார்.

நான் வாயாடி, வரலாறு படித்தவள், வருஷா வருஷம் அந்த அரைப் பக்கத்தை நடத்தினவள். அந்தப் பூசாரி அந்த நேரத்தில் எங்கே நின்றிருப்பான் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு அவராகவே சொன்னார். நிறுத்தி நிறுத்தி, கிரில் கேட்டைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பக்கத்து ஊர்க் கோயிலில் ஊர்க்காரர்கள் பூ கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மன் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஊரே போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. போலீஸ் வந்து அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நைனா போய்ச் சேர்ந்த நேரம், மிஷின் வந்து அம்மன் இடுப்பில் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டிருந்ததாம். புடவை அவிழ்ந்து மண்ணில் கிடந்ததாம். எடுத்துக் கட்டிவிடக்கூட அவருக்கு உரிமை இல்லை, அது வேறு வீட்டார் அம்மன்.

"ஆபீசருக்கு மருவாதி பாத்து எடத்த குடுத்துட்டேன்னா நெனச்ச? ரோடு எப்டியும் வரும். அவ வேணாம்னு வாயத் தொறந்து சொன்ன பொறவு அப்டி இஸ்துகினு போனா, அவ வார்த்தைக்கி இன்னா மருவாதி? ஒலகமே பாக்க, அவ சொல்லு செல்லாதுன்னு ஆயிடும்ல. அதான் அவ பேச வேண்டியத நா பேசிட்டேன். ஆபீசருக்கு வேர்த்தா எனக்கு இன்னா?"

எனக்கு ஃபேனைத் திருப்பிய அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. நீ ஃபேன் போடாமல் இருந்திருந்தால் எந்தப் பூ விழுந்திருக்கும் நைனா, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டேன்.

உள்ளே புதுப் பூசாரி மணி அடிக்க ஆரம்பித்தார். தெருவில் இருந்தவர்கள் வந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நைனா எழுந்திருக்கவில்லை. மணிச் சத்தம் நிற்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடது பூவு பாதி கழண்டு தொங்கிகினு இருந்திச்சி" என்றார். "அத பாத்துட்டுதான் நா வெளிய வந்தேன்."